இடப்பக்கத் தட்டு

செவ்வாய்ச் சுற்றுப்பாதை. ஆய்வுக்கலம் மருதம்
07:05 / வழக்கமான பதிவு

காற்றழுத்தம் சரி. குடிநீர் சரி. எலிகள் இருபத்து நான்கு, எல்லாம் உயிரோடு, எல்லாம் பசியோடு. இடச்சுவர்க் கூண்டுகளில் பன்னிரண்டு, வலச்சுவர்க் கூண்டுகளில் பன்னிரண்டு. தீவனம் வைத்தாயிற்று.

எழுதுபவர் டாக்டர் ஆவுடையம்மாள், மூளை நரம்பியல். கலத்தில் இப்போது நான் ஒருத்திதான். மற்ற இருவரும் கீழே செவ்வாய்த் தரையில் இறங்கியிருக்கிறார்கள். அங்கே புழுதிப்புயல். அது அடங்கும்வரை அவர்களால் மேலே வரவும் முடியாது, பேசவும் முடியாது. பூமியோடு பேசலாம். நான் சொன்னது போய்ச் சேரப் பதினெட்டு நிமிடம், பதில் வந்து சேர இன்னொரு பதினெட்டு நிமிடம். அதற்குள் கேட்ட கேள்வியே மறந்துபோகும்.

வாயால் பேசிப் பதியச் சொன்னார்கள். தனியாக இருப்பவள் வாய்விட்டுப் பேச ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுபலகையில் கைப்பட எழுதுகிறேன். படிக்கக் கிடைத்தவர் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளட்டும். மருத்துவர் கையெழுத்து, சொல்லவே வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்லிவைக்க வேண்டியது ஒன்று உண்டு. பக்கவாதம் ஒரே நோய் இல்லை, இரண்டு. ஒன்றில் மூளைக்குப் போகும் குழாய் அடைத்துக்கொள்கிறது. மற்றதில் குழாய் வெடித்து ரத்தம் கசிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வாய் கோணும், கை விழும். மருந்துதான் நேர் எதிர். அடைப்புக்குக் கரைக்கும் மருந்து, கசிவுக்கு நிறுத்தும் மருந்து. மாற்றிக் கொடுத்தால் கதை முடிந்தது. இருபது வருடமாக நான் செய்ததெல்லாம் இந்த இரண்டு மருந்துகளை இன்னும் கொஞ்சம் நல்லதாக ஆக்கியதுதான். என் ஆய்வகத்தில் ஒன்றின் பெயர் கரைப்பான், மற்றதன் பெயர் நிறுத்தி.

அவசரத்தில் சீட்டைப் படித்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் ஒரு விதி வைத்திருக்கிறேன். நிறுத்தி எப்போதும் இடப்பக்கத் தட்டில், கரைப்பான் எப்போதும் வலப்பக்கத் தட்டில். இதுவரை பிசகியதில்லை.

எது அடைப்பு, எது கசிவு என்று தலை ஸ்கேன் சொல்லிவிடும். புது ரத்தம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். நோயாளி நமக்கு எதிரே இருப்பது போலத்தான் படம் வரும், அதாவது அவருடைய வலப்பக்கம் நமக்கு இடப்பக்கம். மருத்துவக் கல்லூரியில் முதலில் இதில்தான் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். படத்தை இயந்திரமே படித்துச் சொல்லும் வசதியும் உண்டு. நான்தான் அணைத்துவைத்திருக்கிறேன். போன மாதம் அது ஒரு எலியின் காதை மூளைக்கட்டி என்றது.

11:40 / சிறு குறிப்பு

ட்ரெட்மில்லில் ஓடி முடித்ததும் தலைவலி. வலக்காதுக்குப் பின்னால், ஆணி அடித்தது போல. இடக்கை மரத்திருக்கிறது. கையில் இருந்த தீவனப்பெட்டி நழுவிப் போயிற்று. இங்கே எதுவும் கீழே விழாது என்பதால், அது அதன் பாட்டுக்கு மிதந்துபோய்க் கூரையில் இடித்துக்கொண்டு நின்றது.

ரத்த அழுத்தம் மிக அதிகம். வேறு யாராவது வந்து இப்படிச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே ஸ்கேனில் படுக்கவைத்திருப்பேன். ஊருக்குத்தான் உபதேசம். கொஞ்ச நேரம் பார்க்கிறேன்.

பயமாக இருக்கிறது. இதை எழுதிவைக்கிறேன்.

12:20 / நண்பகல் அறிக்கை

கை சரியாகிவிட்டது. மரப்பு இல்லை, கனம் இல்லை, ஒன்றுமே இல்லை. வீணாகப் பயந்தேன்.

எலிகள் பன்னிரண்டு. எல்லாம் நலம். எங்கேயோ கீச்கீச் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. காற்றுக்குழாயாக இருக்கும். பிறகு பார்க்க வேண்டும்.

மதியம் எலுமிச்சை சாதம். நார்த்தங்காய் ஊறுகாய் வைக்கவில்லை. உணவுத் தட்டை ஒவ்வொரு பொட்டலமாகச் சரிபார்த்துப் பூமியில் இருந்து ஏற்றினவர் யாரோ, அவர் நாக்குக்கு உப்பே தெரியாமல் போகட்டும்.

வழக்கமான காணொளி அறிக்கையோடு இந்தப் பக்கத்தையும் சுலைகாவுக்கு அனுப்பினேன். தரை மையத்தில் எனக்கு அவள்தான் மருத்துவர். பாளையங்கோட்டையில் ஒரே வகுப்பு, ஒரே விடுதி அறை. முப்பது வருடமாக என்னிடம் பொய் சொல்லாத ஒரே மனுஷி. அதற்காகவே பல நாள் அவளோடு பேசாமல் இருந்திருக்கிறேன்.

13:05 / பூமியிலிருந்து

“ஏட்டி ஆவுடை, சுலைகா பேசுதேன். உன் வீடியோவப் பாத்தேன். என்னட்டி ஆச்சு உனக்கு? இடது பக்கம் வாய் தொங்குது. தலையில வலது பாதிதான் சீவிருக்க. எழுதி அனுப்புன பக்கத்தப் பாரு, பாதிப் பக்கத்துல இருந்துதான் எழுத்தே ஆரம்பிக்குது. ஒடனே ஸ்கேன் எடு. எடுத்து அப்படியே எனக்கு அனுப்பு. என் பதில் வராம எந்த மருந்தையும் தொடாத. கேக்குதா?”

கேட்கிறது. கண்ணாடியில் பார்த்தேன். வாய் நேராக இருக்கிறது, தலை படிய வாரியிருக்கிறது. எழுத்தும் பக்கத்தின் ஓரத்தில் இருந்துதான் ஆரம்பிக்கிறது. அங்கே காணொளியில் ஏதோ கோளாறு. ஆனாலும் அவள் குரல் நடுங்கியது. சுலைகாவின் குரல் அவள் வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்த அன்றைக்குக்கூட நடுங்கவில்லை. சனியன், ஒரு ஸ்கேன்தானே. எடுத்துவிடுகிறேன்.

13:32 / ஸ்கேன்

எடுத்தாயிற்று. மேலிருந்து கீழாக ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். சுத்தமான மூளை. வெள்ளையாக எங்கும் எதுவும் இல்லை. என் வயதுக்கு இது நல்ல மூளை என்றுகூடச் சொல்வேன்.

சுலைகாவுக்கு அனுப்பிவிட்டேன்.

14:00 / முடிவு

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு எதுவும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. வாய் கோணியிருக்கிறது என்று சுலைகா சொல்கிறாள். நோயாளிக்குத் தோன்றுவதா, பரிசோதித்தவர் சொல்வதா என்று வந்தால் நான் எப்போதும் பரிசோதித்தவர் பக்கம். ஆகவே எனக்குப் பக்கவாதம். ஸ்கேனில் ரத்தம் இல்லை. ஆகவே அது அடைப்பு. ஆகவே கரைப்பான். ஒரு வருடம் படித்த மாணவன்கூட இந்த மூன்று வரியைச் சொல்லிவிடுவான்.

மருந்தைத் தொடாதே என்றாள். ஆனால் கலம் இப்போது செவ்வாய்க்குப் பின்னால் மறைகிறது. அடுத்த அரைமணி நேரம் பூமியின் குரல் வராது. அடைப்பு என்றால் ஒவ்வொரு நிமிடமும் மூளை செத்துக்கொண்டிருக்கும். எத்தனை பேருக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன், காத்திருக்காதே என்று.

மருந்து அலமாரியைத் திறந்தேன். தட்டு ஒன்றுதான் இருக்கிறது, கரைப்பான் தட்டு. நிறுத்தியைக் காணோம். யார் எடுத்தார்கள், எதற்கு எடுத்தார்கள், எதுவும் புரியவில்லை. தேவைப்படுவது அது இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.

14:26

குப்பியின் மூடியைத் திறந்து மருந்தைச் சிரிஞ்சில் ஏற்ற இவ்வளவு நேரம். பல்லால்தான் திறக்க முடிந்தது. ஏன் என்று தெரியவில்லை. என் பயிற்சி மருத்துவர்கள் யாராவது இவ்வளவு நேரம் எடுத்திருந்தால் வார்டை விட்டே துரத்தியிருப்பேன்.

ஊசி போட இடக்கையை நீட்டினேன். நீட்டியாயிற்று. ஆனால் கை வந்து சேரவில்லை.

மறுபடி நீட்டினேன்.

14:33 / பூமியிலிருந்து

“ஆவுடை, கையில என்ன வச்சிருந்தாலும் அப்படியே விட்ரு. கரைப்பானப் போட்டுக்கிடாத, போட்டா செத்துப்போவ. உனக்கு அடைப்பு இல்லட்டி, கசிவு. படத்துல இடது பக்கம் நெல்லிக்கா அளவுக்கு வெள்ளையாக் கெடக்கு. படத்துல இடதுன்னா உன் மூளையில வலது. வலது மூளை அடிபட்டா இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கதே தெரியாமப் போவும்னு நீதான் எங்களுக்கெல்லாம் வகுப்பு எடுப்ப. இப்ப உனக்கே இடப்பக்கம் இல்ல. அதான் படத்துலயும் அந்தப் பாதி உனக்குத் தெரியல. நம்பாட்டி படத்தக் கண்ணாடி மாதிரி எடம் வலமாத் திருப்பிப் போட்டுப் பாரு. அப்புறம் வலது கைப்பக்கமாவே சுத்திக்கிட்டு வா, முழுசா ஒரு சுத்து. விட்டதெல்லாம் தட்டுப்படும். நிறுத்தித் தட்டு அங்ஙனதான் இருக்கும். சீக்கிரம்ட்டி.”

14:50

சிரிஞ்சை எழுதுபலகையின் பட்டையில் செருகிவைத்தேன். படத்தைத் திருப்பிப் போட்டேன்.

வெள்ளையாக ஒரு கட்டி. பெரியது.

பழையபடி போட்டேன். சுத்தமான மூளை. திருப்பினேன், கட்டி. பழையபடி, சுத்தம். ஒவ்வொரு முறையும் நான் பார்ப்பது முழுப் படம். எதுவும் விடுபட்டதாகத் தெரியவில்லை. விளிம்பு இல்லை, இருட்டு இல்லை, ஓட்டை இல்லை. இப்படி ஒரு நோயாளிக்கு என்ன தெரியும் என்று நான் ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். அவ்வளவும் வெளியில் நின்றுகொண்டு எழுதியது.

பயப்பட வேண்டும் என்று தெரிகிறது. வரவில்லை. பயத்தின் கதவைத் தட்டினேன், உள்ளே ஆள் இல்லை.

வலப்பக்கமாகவே சுற்றினேன். சுவர், விளக்கு, ஜன்னல், கீழே செவ்வாய். அப்புறம் எலிக்கூண்டுகள், நான் பார்த்த பன்னிரண்டு இல்லை, வேறு பன்னிரண்டு. தண்ணீர்க் குழாயைக் கடித்துக்கொண்டு கத்துகின்றன. காலைக்குப் பிறகு தீவனம் வைக்கவில்லை. காற்றுக்குழாய்ச் சத்தம் இதுதான். இன்னும் சுற்றினேன். மதிய உணவுத் தட்டில் நார்த்தங்காய் ஊறுகாய். ஏற்றினவரே, மன்னிக்கவும். இன்னும் சுற்றினேன். அலமாரி. இடப்பக்கத் தட்டு. நிறுத்தி, ஆறு குப்பி, வைத்த இடத்தில் வைத்தபடியே.

எடுத்துக்கொண்டேன்.

15:04 / பூமிக்கு அனுப்பியது

“சுலைகா, நீ சொன்னது சரிதான். நிறுத்தி கையில இருக்கு. ஆனா ஒரு சங்கதி. இங்க ஒரு கை மெதக்குது. சுத்தி வரும்போது என் மூஞ்சிக்கு முன்னால வந்து நிக்கி. சூடாத்தான் இருக்கு. யாரோட கைன்னு தெரியல. கீழ போனவங்க ரெண்டு பேருல யாராவது திரும்பி வந்தாங்களான்னு பாத்துச் சொல்லு.”

அனுப்பியபின் யோசித்தேன். என் வலக்கையால் என் வலக்கையில் ஊசி போட முடியாது. மருந்து கை நரம்பில்தான் போக வேண்டும். இடக்கை இன்னும் வந்து சேரவில்லை. இந்தக் கை வேறு யாருடையதோ.

தலை கனக்கிறது. அரைத் தூக்கம். தூங்கக் கூடாது.

15:45 / பூமியிலிருந்து

“யாரும் வரலட்டி. அது உன் கைதான். உன் கையி. சுண்டுவிரலுக்கு அடியில ஒரு தழும்பு இருக்கும் பாரு. ஹாஸ்டல்ல வார்டனுக்குத் தெரியாம காப்பி போடப் போயி ஹீட்டர் கம்பியத் தொட்டுத் தொலச்ச. மருந்து இல்லன்னு நான்தான் டூத்பேஸ்ட்ட அப்புனேன். தழும்பு இருக்கா? இருந்தா அதுல போடு. ஆவுடை, நீ இப்ப நம்ப மாட்டன்னு எனக்குத் தெரியும். இந்த நெலமையில யாரும் நம்புனதில்ல. நம்பாட்டிப் போவுது. யாரோ ஒரு நோயாளி வந்துருக்கு, கசிவு, ஒடனே நிறுத்தி போடணும், அப்படி நெனச்சுக்கோ. நீ டாக்டர்தான? வந்த நோயாளிய விட்ருவியா? போடுட்டி, என் தங்கம்ல்லா.”

15:58 / சிகிச்சைக் குறிப்பு

நோயாளியின் பெயர்: தெரியவில்லை. பெண். வயது ஐம்பதை ஒட்டி இருக்கலாம். இடக்கை மட்டும் பரிசோதிக்கக் கிடைத்தது. சுண்டுவிரலுக்கு அடியில் பழைய தீத்தழும்பு.

எனக்கும் அதே இடத்தில் தழும்பு உண்டு. உலகத்தில் எத்தனையோ பேர் ஹீட்டர் கம்பியைத் தொட்டிருப்பார்கள்.

கையை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டேன். கட்டுப்பட்டையைப் பல்லால் இழுத்து இறுக்கினேன். நல்ல நரம்பு. ஒரே குத்தில் ஏறியது. நிறுத்தி, முழு அளவு. நோயாளி முகம் சுளிக்கவில்லை. எனக்கும் வலிக்கவில்லை.

கலம் மறுபடியும் செவ்வாய்க்குப் பின்னால் போகிறது.

16:50

மறு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், எடுத்து அனுப்பினேன். நான் படிக்கவில்லை. என் கண்ணை நான் இப்போது சாட்சிக்கு அழைப்பதில்லை.

எலிகளுக்குத் தீவனம் வைத்தேன். சுற்றிச் சுற்றி வந்து இரண்டு சுவருக்கும் வைத்தேன். இருபத்து நான்கு.

17:30 / பூமியிலிருந்து

“கசிவு நின்னுட்டு! கொஞ்சங்கூடப் பெருகல. அல்லா காப்பாத்துனான். இங்க எல்லாரும் அழுதோம், தெரியுமா? உன் மருந்துட்டி, நீ செஞ்ச மருந்து. இதுவர எலிக்குத்தான் போட்டுருக்கு, இதுதான் மொத மனுஷ உசுரு. இனி ஒண்ணும் செய்யாத. எதையும் தொடாத. பெல்ட்டப் போட்டுக்கிட்டு அசையாமப் படு. நான் பேசிக்கிட்டே இருக்கேன்.”

மகிழ்ச்சி. இருபது வருட வேலை. மகிழ்ச்சி என்று எழுதினேன், எழுத்து மட்டும் இருக்கிறது. பெல்ட் போட்டாயிற்று. அந்த நோயாளி அம்மாவின் கையும் என் பெல்ட்டுக்குள்தான் கிடக்கிறது. இருக்கட்டும்.

18:05

கலம் மறைவில். சுலைகா இல்லை.

ஒன்று உறுத்துகிறது. அந்த அம்மாவுக்குக் கசிவு, நிறுத்தி போட்டேன், நின்றுவிட்டது. நல்லது. எனக்கு?

வாய் கோணியது எனக்கு. பதினொன்று நாற்பதுக்குத் தலை வலித்தது எனக்கு. எனக்கு இதுவரை யாரும் எந்த மருந்தும் போடவில்லை. என் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நேராக வைத்தால் சுத்தம். திருப்பினால் தெரியும் ரத்தம் அந்த அம்மாவுடையது. இரண்டு பேர் படமும் ஒன்றாகக் கலந்திருக்கிறது. இப்படிக் குழப்பம் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே நடக்கும்.

எதையும் தொடாதே என்றாள். அது அந்த அம்மாவுக்குச் சொன்னது. கசிவு நோயாளிதான் அசையக் கூடாது.

எனக்கு ரத்தம் இல்லை. ஆகவே அடைப்பு. ஆகவே.

சிரிஞ்சு பலகையிலேயே செருகியிருக்கிறது. மருந்து ஏற்றியபடியே.

18:14

போட வழியில்லை. எட்டுகிற கை அந்த அம்மாவுடையதுதான். கசிவு நின்று இரண்டு மணி நேரம் ஆன ஒருத்திக்குக் கரைப்பானைப் போடுவதா? என்னைக் கொன்றாலும் செய்ய மாட்டேன். நான் தொழிலுக்கு வந்து ஒரு நோயாளிக்குக்கூட மருந்து மாற்றிக் கொடுத்ததில்லை.

என் கையில் வேறு யாராவதுதான் போட வேண்டும். அந்த அம்மா விழித்தால் கேட்கலாம். நான் அவருக்குச் செய்தேன், அவர் எனக்குச் செய்ய மாட்டாரா?

அதுவரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பாவம், தனியாக வந்திருக்கிறார். எனக்குள் இன்றைக்கு முதல்முறையாக ஏதோ இளகுகிறது. அது அவருக்காக.

18:27

சுண்டுவிரல் அசைந்தது.

நான் அசைக்கவில்லை. மறுபடி அசைந்தது. இப்போது பக்கத்து விரலும். மருந்து வேலை செய்கிறது. விழிக்கிறார். இன்னும் நாலு நிமிடத்தில் சுலைகா வருவாள், அவளிடம் சொல்ல வேண்டும், உன் நோயாளி பிழைத்துவிட்டாள் என்று.

என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொன்னேன். சிரிஞ்சை அவர் விரல்களுக்குள் வைத்தேன். பிடித்துக்கொண்டார். லேசாகத்தான். ஆனால் பிடித்துக்கொண்டார்.

இனி நான் வலக்கையை நீட்ட வேண்டும். இதுதான் எழுதுகிற கை. நீட்டினால் எழுத முடி